ரேவாய் பதிப்பகத்தை வளர்த்தது தவணைப் பேரேடு

ஹங்கேரியின் ரேவாய் சகோதரர்கள் பதிப்பகம் என்றதும் எல்லோரும் அவர்களுடைய இலக்கிய ரசனையைப் பாராட்டுவார்கள். ரசனை இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைத் தூக்கி நிறுத்தியது வசூல் பேரேடுதான் என்பது என் கட்சி.

1869இல் ஷாமுவேல் ரேவாய் பெஸ்ட் நகரில் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) திறந்தது ஒரு பழைய புத்தகக் கடை. மகன் மோர் யானோஷ் தலையெடுத்த பிறகே பதிப்புத் தொழில் பெரிதானது. ஊர்ப்புறத்து டாக்டரும் வக்கீலும் ஆசிரியரும் படிக்க ஆசைப்பட்டார்கள். முழு செட்டுக்கும் ஒரே நாளில் எண்ணி வைக்கத்தான் கையில் பணமில்லை. ஏஜெண்ட் வீடு தேடிப் போனார், கையெழுத்து வாங்கினார், பணம் தவணையில் வந்தது.

ஹங்கேரிய நாவலாசிரியர் யோகாய் மோர் எழுத வந்த ஐம்பதாம் ஆண்டு விழா 1894இல். அதையொட்டி அவருடைய படைப்புகள் 100 தொகுதிகளாக வந்தன, 1898இல் முடிந்தன. எழுத்தாளருக்கு 1,00,000 ஃபோரின்ட் (அப்போது அங்கே புழங்கிய நாணயம்). இதைப் பதிப்பாளரின் தாராள மனசு என்று நினைத்தால் ஏமாறுவோம். முன்பதிவு செய்தவர்களின் பணம்தான் அந்தத் தொகையைத் தாங்கியது. (தாராள மனசைவிட இது எவ்வளவோ மேல்.)

தவணையில் ஓட்டை எங்கே விழும்? தாள், அச்சு, பைண்டிங், ஏஜெண்ட் கமிஷன் எல்லாம் முதலிலேயே போய்விடும். வரவு மட்டும் சொட்டுச் சொட்டாக. மூன்றாம் தொகுதியோடு ஒருவர் நின்றுவிட்டால் நான்காவது முதல் அவருக்காக அச்சிட்டதெல்லாம் கிடங்கில் தூங்கும். உதிரித் தொகுதியை யார் வாங்குவார்?

அவர்களுடைய பெரிய கலைக்களஞ்சியம் இதற்குச் சரியான சோதனை. முன்னோடியான பல்லாஸ் கலைக்களஞ்சியம் 1893 முதல் 1897 வரை ஐந்தே வருடத்தில் 16 தொகுதிகளை முடித்துவிட்டது. ரேவாய் 1911இல் தொடங்கினார்கள். நடுவில் முதல் உலகப் போர் வந்தது, பிறகு ஃபோரின்ட்டுக்குப் பதிலாக வந்திருந்த கொரோனா என்ற ஹங்கேரிய நாணயம் சரிந்தது. பழைய விலைக்குப் போட்ட ஒப்பந்தப் பணத்தில் தாள்கூட வாங்க முடியாத நிலை. அகரவரிசை 19ஆம் தொகுதியில் முடிய 1926 ஆனது. பிற்சேர்க்கைகள் 20, 21ஆம் தொகுதிகளாக 1927இலும் 1935இலும்.

ஆகவே பழைய செட் வாங்குகிறவர்கள் 20, 21 இரண்டும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அகரவரிசை 19இலேயே முடிந்துவிடுவதால், அந்த இரண்டும் இல்லாத செட்டும் முழுசு போலவே அலமாரியில் நிற்கும்.