தடித்த கோடு என்னும் தலைவலி

கட்டட வரைபடத்தில் சுவருக்கு ஒரு தடித்த கோடு. நான் கேட்டது அவ்வளவுதான். வரைபடம் போடும் கேட் (CAD) மென்பொருளில் கோட்டுத் தடிமனை 0.70 மி.மீ. என்று வைத்தேன், திரையில் கம்பீரமாகத்தான் நின்றது. மற்ற மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய டிஎக்ஸ்எஃப் (DXF) கோப்பாக்கி ஓவிய மென்பொருளில் திறந்தால், எல்லாம் மயிரிழை! அந்தத் தடிமன் வெறும் குறிப்பாம். அச்சிடும்போதுதான் அதற்கு உயிர் வருமாம்.

சரி என்று பாலிலைனுக்கே, அதாவது பல துண்டுகள் சேர்ந்த தொடர்கோட்டுக்கே, அகலம் கொடுத்துப் பிடிஎஃப் ஆக்கினேன். தடிமன் வந்தது, கோடு வரவில்லை. ஒவ்வொரு துண்டும் கறுப்பு நிரப்பிய தனித்தனிப் பட்டை, பட்டைகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைப் பிளவு. வளைவு இருக்கிறதே, அது சில்லுசில்லாக நொறுங்கிக் கிடந்தது. தடிமனைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றால், குறைப்பதற்கு அங்கே கோடே இல்லை.

கடைசியில் மெல்லிய கோடுகளையே கொண்டுபோய், மூலை மூலையாக இணைத்து, ஓவிய மென்பொருளிலேயே 2 பாயின்ட் தடிமன் கொடுத்தேன். 0.70 மி.மீ. என்பது ஏறத்தாழ அதுதான். இத்தனை சுற்று எதற்கு? இணைக்க மறந்த ஒரே ஒரு மூலையில் மட்டும் எலி கடித்ததுபோல் சதுரமாக ஒரு பள்ளம். அது என் கண்ணில் பட்டது அச்சான பிறகு.