போர்ட் கிப்சன் கோபுரத்துக் கை: சொக்கத் தங்கம் இல்லை

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள சிற்றூர் போர்ட் கிப்சன். அங்குள்ள பிரஸ்பிட்டேரியன் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் சிலுவை இருக்காது. சுட்டுவிரலை வானத்துக்கு நீட்டிய ஒரு கைதான் நிற்கும். “சொக்கத் தங்கம், 1860 முதல் அப்படியே இருக்கிறது” என்று படத்தோடு ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

முதலில் அங்கே நின்றது மரக்கை. டேனியல் ஃபோலி என்ற உள்ளூர் இளைஞர் செதுக்கியது. வெயிலிலும் மழையிலும் அது வீணாகிப்போக, 1901 வாக்கில் உலோகக் கையை ஏற்றினார்கள். இப்போது மின்னுவது அதன்மேல் உள்ள தங்கப் பூச்சுதான். (சொக்கத் தங்கம் என்றால் இத்தனை நாள் விட்டுவைத்திருப்பார்களா என்ன!)

கட்டடம் பழையதுதான், 1859-60இல் எழுந்தது. போதகர் செபுலன் பட்லர் பிரசங்கத்தின்போது விரலை உயர்த்திக் காட்டுவாராம். கை வைக்கும் யோசனை அதிலிருந்து பிறந்தது. புதுக் கட்டடத்தில் நடந்த முதல் ஆராதனையே அவருடைய அடக்க ஆராதனைதான்.