ஆலிவ் பச்சை அடித்தால் தப்பு, அடிக்காவிட்டால் ஒரிஜினல் இல்லை

பழைய ராணுவ ஜீப் வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் எப்படி, கியர் பாக்ஸ் எப்படி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பேப்பர் எப்படி என்று முதலில் கேளுங்கள். செத்த இன்ஜினைப் பட்டறையில் விட்டு எழுப்பிவிடலாம். பேப்பர் இல்லாத வண்டி ஷெட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

ராணுவத்தில் ஓடும்வரை அது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 60-இன் கீழ் பதிவான வண்டி. மேல்நோக்கிய அம்பு போட்ட பி.ஏ. நம்பர் அதன் அடையாளம். பாதுகாப்புப் பணியிலிருந்து கழித்துவிட்டால் 39, 40 பிரிவுகள் பொருந்தும் என்று அதே பிரிவு சொல்கிறது. அதாவது நாம் குடியிருக்கும் மாநிலத்தின் ஆர்.டி.ஓ.வில் பதிய வேண்டும். பதிவு விண்ணப்பமான படிவம் 20, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று இவற்றோடு, ராணுவம் கொடுத்த விற்பனைச் சான்றின் அசலையும் மத்திய மோட்டார் வாகன விதி 47 கேட்கிறது. ஜெராக்ஸ் எடுபடாது.

ராணுவ ஏலத்தில் எடுத்தவர் பெயரில் சான்று இருக்கும், வண்டி மூன்று கை மாறி வந்திருக்கும். அங்கேதான் பெரும்பாலான ஃபைல்கள் நின்றுபோகின்றன. ஏலதாரர் பெயரில் முதலில் பதியச் சொல்லி, பிறகு படிவம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றுவதே நேரான வழி. வேறொரு ஜீப்பின் ஆர்.சி.யை மட்டும் வாங்கி அந்த நம்பரை இந்த சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், பஞ்ச் அடித்துத் தருகிறேன் என்று ஒரு புரோக்கர் கட்டாயம் வருவார். அது போர்ஜரி. மாட்டினால் வண்டியும் போகும், வழக்கும் வரும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் தேடுவது சேஸிஸ் நம்பரை. இரண்டாம் உலகப்போர்க் கால ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஜீப்பில் இடதுபக்க சேஸிஸ் சட்டத்தின் மேல்முகத்தில், முன்பக்கமாக அடித்திருப்பார்கள். வில்லிஸ் எம்.பி.யில் இடது முன்சட்டத்தின் உட்புறம் ஒரு சின்னத் தகட்டை ரிவெட் அடித்திருப்பார்கள். அந்தத் தகடு விழுந்துவிட்டால் சட்டத்தில் நம்பரே கிடையாது என்று ஆகிவிடும். பல அடுக்குப் பெயிண்ட் ஏறியிருக்கும் இடத்தில் பெயிண்ட் ரிமூவர் போட்டு ஊறவைத்துப் பித்தளை பிரஷ்ஷால் தேயுங்கள். கிரைண்டர் வைத்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். ஃபோர்டில் இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒன்றாகத்தான் ஃபேக்டரியை விட்டு வந்தன. ராணுவப் பட்டறைகள் இன்ஜினைக் கழற்றி மாற்றிப் போடுவது சகஜம் என்பதால் இன்று பொருந்தாமல் இருப்பதில் அதிசயமில்லை. ஆனால் விற்பனைச் சான்றில் இருக்கும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருக்கும் நம்பரும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும்.

இடதுபக்க ஸ்டீயரிங் வண்டியைப் பதிய முடியாது என்று கவுன்டரில் சொல்லித் திருப்பி அனுப்பினால் பிரிவு 120-ஐக் காட்டுங்கள். வேலை செய்யும் சிக்னல் கருவி இருந்தால் ஓட்டலாம் என்பதே அதன் பொருள். அந்தக் கால ஜீப்பில் இண்டிகேட்டரே கிடையாது, நாம்தான் மாட்ட வேண்டும். வண்டி 6 வோல்ட். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் ஃபிளாஷரை மாட்டினால் ஒழுங்காக மின்னாது. 6 வோல்ட் ஃபிளாஷரும் 6 வோல்ட் பல்பும் தேடி வாங்குங்கள்.

இனி விண்டேஜ் பதிவு. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021 ஜூலையில் சேர்ந்த 81ஏ முதல் 81ஜி வரையான விதிகள், 50 ஆண்டு தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனி நம்பர் தருகின்றன. நம்மூரில் அது டி.என். வி.ஏ. என்று தொடங்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது இவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறக்கலாம். உயிருள்ள சாதாரண ஆர்.சி. கையில் இருந்து, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஒரு சுற்று போய்வர ஆசைப்படுகிறவர்கள் அவசரப்பட்டு இதற்கு மாறாதீர்கள்.

ராணுவ வண்டிக்கு இந்த விதி இரண்டு இடத்தில் உதைக்கிறது. 50 ஆண்டை முதல் பதிவுத் தேதியிலிருந்து கணக்கிடுகிறார்கள். 1972-இல் ஜபல்பூரில் செய்த ஜோங்கா என்ற ராணுவ ஜீப் 1990-இல் ஏலத்துக்கு வந்து 1991-இல் சிவிலியன் ஆர்.சி. வாங்கியது என்று வையுங்கள். ஆர்.சி.யை மட்டும் பார்த்தால் அது 2041-இல்தான் விண்டேஜ். ஆனால் ராணுவத்தில் இருந்தபோது செய்ததும் பதிவுதானே? விண்ணப்பத்தோடு இதை எழுதியே கொடுங்கள். பி.ஏ. நம்பரின் முதல் இரண்டு இலக்கம் ஆண்டைச் சொல்லும். வில்லிஸ், ஃபோர்டு என்றால் டேஷ்போர்டுத் தகட்டில் டெலிவரி தேதி இருக்கும், அதன் போட்டோவும் வையுங்கள்.

இரண்டாவது, நிறம். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் கை வைக்காமல் அசல் வடிவில் இருக்க வேண்டும் என்கிறது விண்டேஜ் விதி. அசல் நிறம் ஆலிவ் பச்சை. பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறெதற்கும் அந்த நிறம் கூடாது என்கிறது விதி 121. ராணுவ வண்டிபோல வேஷம் போட்டு யாரும் கேட்டைத் தாண்டிவிடக் கூடாது என்ற கவலை நியாயம்தான். ஆனால் முன்னும் பின்னும் வி.ஏ. நம்பர் மாட்டிய 80 வயது ஜீப்பைப் பார்த்து எந்தக் காவலாளி ஏமாறப் போகிறான்? வி.ஏ. பதிவு பெற்ற முன்னாள் ராணுவ வண்டிகள் நீங்கலாக என்று விதி 121-இல் ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது. அதுவரை சாம்பலோ மணல் நிறமோ அடித்து, அதே நிறத்தை ஆர்.சி.யில் ஏற்றுங்கள். பம்பரில் அம்பு, நட்சத்திரம் எதுவும் வேண்டாம்.

போடி மலைப்பக்கம் ஏலக்காய்த் தோட்டங்களில் ஏறுகிற ஜீப்புகளைப் பார்த்துவிட்டு டீசல் இன்ஜின் போடலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. போட்டால் விண்டேஜ் பேச்சே கிடையாது. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாகத் திருத்திய வண்டியைப் பதிய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஜோங்காவின் 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் குடிக்கிற குடிக்கு அந்த ஆசை வருவது எனக்கும் புரிகிறது. ஆறு சக்கர லாரி வைத்திருப்பவர்களுக்கு இந்த விண்டேஜ் விதியில் இடமே இல்லை. விற்பனைச் சான்றை வைத்து சாதாரணப் பதிவுக்குத்தான் போக வேண்டும்.