எத்தனை வாக்கு என்று மட்டும் சொல்லுங்கள்

மாணவர் பாராளுமன்றத் தேர்தல் விஷயம் இங்கே எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தின் பெயரை நான் எழுதவில்லை, கொமன்ட்டிலும் எழுதாதீர்கள். வாக்குச்சீட்டு, மறைப்பு வைத்த மேசை, சின்னிவிரலில் ஊதா மை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. படம் போட்டார்கள், நானும் லைக் போட்டேன். பிறகு பெட்டி அதிபர் அலுவலகத்துக்குள் போனது. மூன்றாம் நாள் அறிவித்தல் பலகையில் வென்றவர்களின் பெயர்ப் பட்டியல் மட்டும் வந்தது. யாருக்கு எத்தனை வாக்கு? இல்லை. செல்லாத வாக்கு? அதுவும் இல்லை. எண்ணும்போது ஒரு பிள்ளையாவது பக்கத்தில் நின்றதா என்று கேட்டால், அலுவலகத்துக்குள் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்கிறார்கள்.

மகள் தோற்ற எரிச்சல் என்பீர்கள். ஆம், மகளும் தேர்தல் கேட்டவள்தான். தோற்றாள் என்றே வையுங்கள். எத்தனையால் தோற்றாள்?

1997இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து அக்கராயனில் பாலை மரத்தடியில் படித்துக்கொண்டிருந்தோம். வகுப்புத் தலைவர் தேர்தல். பொருளாதாரத் தடைக் காலம், கொப்பி கிடைப்பதே பெரும்பாடு, ரீச்சர் ஒரு தாளை எட்டாகக் கிழித்துத்தான் வாக்குச்சீட்டு தந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்து எங்களுக்குக் காட்டி, வெண்கட்டியால் பலகையில் கோடு போட்டார். 17க்கு 14. மரத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். ஆனால் வீட்டுக்குப் போய் "மூன்றால தோத்திட்டன் அம்மா" என்று சொல்ல என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. கூரையில்லாத பள்ளிக்கூடத்தில் முடிந்தது, மாடிக் கட்டடத்தில் முடியவில்லையாம்.

எண்ணிக்கையைச் சொன்னால் குறைய எடுத்த பிள்ளை மனமுடையும் என்று ஒரு ஆசிரியர் எழுதியிருந்தார். அதில் நியாயம் இருக்கிறது, இரண்டு வாக்கு எடுத்த பிள்ளையை நாளைக்குப் பகிடி பண்ணுவார்கள்தான். அப்படியென்றால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லுங்களேன். தவணைப் பரீட்சையில் கடைசிப் பிள்ளை வரை நிலை போடும்போது இந்த இரக்கம் எங்கே போனது? "சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு" என்பவர்களுக்குப் பதில் இல்லை. விளையாட்டுப் போட்டிக்கும் புள்ளி சொல்லித்தானே கிண்ணம் கொடுக்கிறோம்.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் வன்னி மாவட்ட முடிவுக்கு இரவிரவாகக் காத்திருந்தோமே. 6 ஆசனம்தான். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என்று தொகுதி தொகுதியாக, நிராகரிக்கப்பட்ட வாக்கு வரைக்கும் சொன்னார்கள். மகளும் தாளில் குறித்துக்கொண்டு முழித்திருந்தாள். இதையெல்லாம் பழக்கத்தானே மாணவர் பாராளுமன்றம்? இல்லை, கணக்குக் கேட்காமல் இருக்கப் பழக்குகிறீர்களா? வடக்கு மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்குப் போட்டது 2013 செப்டம்பர் 21. 2018 ஒக்டோபரில் காலம் முடிந்தது, அப்புறம் தேர்தல் இல்லை, வருடக்கணக்கில் காரணம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். கொழும்பைத் திட்ட எங்களுக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கையில் இருக்கும் ஒரு பெட்டியைப் பிள்ளைகளுக்கு முன்னால் திறக்கத் தெரியாது.

சரி, எங்கேயோ போய்விட்டேன். வென்றவர்களை மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளும் பாவம், ஒழுங்காக வென்றிருந்தாலும் இப்போது சந்தேகம் அவர்கள் தலையில்தான். எண்ணிக்கையை ஒட்டுங்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் போன் எடுத்தார். பதிவு போட்டால் பிள்ளைக்குத்தான் பின்னால் கரைச்சலாம். மிரட்டல் இல்லையாம், அக்கறையாம். மகளிடமே கேட்டேன். "போடுங்கோ அப்பா, என்ர பேரை மட்டும் போடாதேங்கோ" என்றாள்.

போடவில்லை.