இமை மூடும் பல்லியை அடிக்காதீர்கள்

விசாகப்பட்டினத்தில் வேலை பார்த்தபோது மலையடிவாரத்தை ஒட்டிய குடியிருப்பு ஒன்றில் தங்கியிருந்தேன். ஒரு ராத்திரி வாசலில் கூச்சல். போய்ப் பார்த்தால் செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பல்லி நசுங்கிக் கிடக்கிறது. ஒரு சாண் நீளம், தடித்த வால், கரும்பழுப்பு உடம்பில் வெளிர் மஞ்சள் பட்டைகள். கடித்தால் ஆள் பிழைக்கமாட்டான் என்றார் அடித்தவர். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

அது சிறுத்தைப் பல்லி. ஆந்திரா, ஒடிசா பக்கத்துக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் இருப்பதை, 1827இல் பெயரிடப்பட்ட வேறோர் இனம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். ஊர்வன ஆய்வாளர்கள் ஜீஷான் மிர்சாவும் ஞானேஸ்வரும் 2022இல்தான் இது தனி இனம் என்று காட்டி 'யூப்ளெஃபாரிஸ் பிக்டஸ்' என்று பெயர் வைத்தார்கள். பிக்டஸ் என்றால் லத்தீனில் வண்ணம் தீட்டியது. தனிப் பெயர் கிடைக்கும் முன்பே எத்தனை அடிபட்டுச் செத்தனவோ!

நம் வீட்டுப் பல்லிக்குக் கண்ணிமை கிடையாது, நாக்கால்தான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். இது இமையை மூடித் திறக்கும். விரலடியில் ஒட்டும் மடிப்புகள் இல்லை, நகம் மட்டும்தான். அதனால் வழவழப்பான சுவரில் ஏறி ஓட முடியாது, தரைதான் கதி. பகலெல்லாம் ஒளிந்திருந்து, இருட்டியதும் வெளியே வந்து, நாக்கால் தரையைத் தொட்டுத் தொட்டு இரை தேடும். இரை கிடைக்காத நாட்களுக்கு வாலில் கொழுப்பு சேர்த்து வைத்திருக்கும். அந்தத் தடித்த வாலைப் பார்த்துத்தான் பலர் மிரள்கிறார்கள்.

இந்தியாவில் பல்லி, ஓணான், அரணை எதற்கும் மனிதனைக் கொல்லும் விஷம் இல்லை. 'அரணை கடித்தால் மரணம்' என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது எளிதில் நம்பிக்கை வராது, தெரியும். ஆனால் காஞ்சிபுரத்தில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிடுகிறவர்களும் நாம்தானே? சுவரில் கத்தும் பல்லிக்குப் பலன் பார்க்கிற கை, தரையில் நடக்கும் பல்லியைக் கண்டதும் ஏன் கல்லைத் தேட வேண்டும்? வீட்டுக்குள் வந்துவிட்டால் ஓர் அட்டையில் ஏற்றிப் பாறைப் பக்கம் விட்டால் போதும், போய்விடும்.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன். சிறுத்தைப் பல்லிகளைப் பிடித்து வளர்ப்புப் பிராணியாக விற்கிற கூட்டம் இருக்கிறது. மலைப்பக்கம் போய் இதைப் பார்த்துப் படம் எடுத்தால் தாராளமாகப் போடுங்கள். எந்த மலை, எந்தப் பாதை என்று மட்டும் எழுதாதீர்கள்.