நடு வாவியில தோணியை விட்டிட்டுப் போன மச்சான்மாருக்கு

“மச்சான், உங்கட கேம் எப்ப வரும்?”

இனி எவனாவது மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தில மறிச்சு வெச்சு இதைக் கேட்டா, ஆளைத் தூக்கி வாவிக்குள்ள போடுவன். முதல்லயே சொல்லிட்டன்.

நாலு பேர் சேர்ந்து துவங்கினது. 2020 ஊரடங்கில வேற சோலி இல்ல. ஒரு பொடியன் நிலா நிறைஞ்ச பறுவ ராவில தோணி வலிச்சுக்கொண்டு எங்கட வாவியில பாடுதெண்டு சொல்லுற மீனைத் தேடிப் போறான். துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காதை வெச்சாத்தான் அடுத்த வழி கேக்கும். அவ்வளவுதான் கேம். இதை முடிக்க நாலு ஆம்பிளைகளால ஏலாமப் போச்சு.

கதை எழுதினவன் கட்டாரில. படம் கீறினவன் மெல்பேர்னில. இசைக்காரன் கொழும்பில ஏசி அறைக்குள்ள. போனதுக்கு நான் கோவிக்கல்ல. 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் வெட்டி, பெற்றோலுக்கு ராவு பகலா லைன்ல நிண்ட நாட்டில ஆரை ஆரு இரு எண்டு மறிக்கிற? விசா கிடைச்சிருந்தா நானும் பறந்திருப்பன்.

கோவம் என்னெண்டா, போன ஒருத்தனும் “நான் விட்டிட்டன்” எண்டு வாயால சொல்லல்ல. “பிறகு பாப்பம் மச்சான்.” குறூப்பில கடைசியா வந்த மெசேஜ் அதுதான். அந்தப் “பிறகு”வுக்கு நான் காவல்காரன்.

கேம் விக்கிற ஒன்லைன் கடை ஸ்டீம். அதில ஒரு கேம் போட 100 டொலர் கட்ட வேணும். டொலர் 200 ரூபாயா இருக்கேக்க கட்டுவம் எண்டு தொண்டை கிழியக் கத்தினன். “என்ன அவசரம், முடியட்டும் மச்சான்” எண்டானுகள். மறுகா டொலர் 360க்கு ஏறிச்சு, 20 ஆயிரம் 36 ஆயிரமாச்சு. கட்டினது ஆரு? இந்த மடையன்தான். ஆயிரம் டொலருக்கு வித்தாத்தான் அந்தக் காசு திரும்பும். முடியாத கேமை எங்க போய் விக்கிற?

இதுக்குள்ள தமிழ் எழுத்து வேற. நாங்க கேம் செய்த யூனிட்டி மென்பொருளில அப்ப தமிழை அப்பிடியே போட்டா கொம்பு எழுத்துக்கு முன்னுக்கு வராம பின்னுக்குப் போய் நிண்டுது. “தோணி” எண்டு அடிச்சா “தோ”வே பிஞ்சு போச்சு. இங்கிலிசில விடுவம் எண்டு மூண்டு பேரும் சொன்னானுகள். பாடும் மீன் இங்கிலிசிலயா பாடும்? ரெண்டு கிழமை நித்திரை முழிச்சு, கொம்பைப் பிடிச்சு முன்னுக்கு இழுக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினன். அந்த ரெண்டு கிழமையை ஒருத்தனும் கணக்கில எடுக்கல்ல.

படக்காரன்ட கூத்தைக் கேளுங்க. எல்லாரும் செய்யிற மாற்றத்தைச் சேமிச்சு வெக்கிற கிட்டில (Git) போடடா எண்டு ஆயிரம் தரம் சொல்லியும் கேக்காதவன், பிளேன் ஏறுற அவசரத்தில ஒரு பென்ட்றைவைக் கையில தந்திட்டுப் போனான். உள்ள ஒரு மெட்டா பைலும் இல்ல. கேட்டா, “சின்னச் சின்ன பைல்தானே, குப்பை எண்டு அழிச்சிட்டன்.” டேய், எந்தப் படம் எங்க நிக்குது எண்டு யூனிட்டி அடையாளம் பிடிக்கிற இலக்கமே அந்தக் குப்பைக்குள்ளதான்டா இருக்கு! திறந்து பாத்தா கண்டல் மரமெல்லாம் காணாமப் போய், வாவி முழுக்க ரோஸ் கலர். மூண்டு மாசம், வேலை முடிஞ்சு வந்த ராவுகளில, ஒவ்வொரு மரமா திரும்ப நட்டன்.

அம்மா எட்டிப் பாத்திட்டுக் கேக்கிறா, “என்ன மனே, இன்னும் அந்தத் தோணிதான் ஓடுதா?” ஓடல்லம்மா. நிக்குது.

“பைலெல்லாம் உன்னட்டத்தானே இருக்கு, நீயே முடியன்” எண்டு புத்தி சொல்லுற ஆக்களும் இருக்கு. முடிக்கலாம், ஆனா விக்க ஏலாது. படம் அவன்ட. பாட்டு இவன்ட. நாட்டில 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு. சேர்ந்து செய்த ஆக்கமெண்டா, கடைசியா மிஞ்சுறவன் செத்து 70 வருசம் வரைக்கும் அதுக்கு உரிமை இருக்கு. நாங்க நாலு பேரும் இன்னும் முப்பதைத் தாண்டல்ல. கணக்கை நீங்களே பாருங்க.

நான் கேட்டது கோடி ரூபா இல்ல. “என்ட வேலையைப் பாவிச்சு முடி, என்ட பேரைப் போடு.” அவனுகள் எனக்கு எழுதித் தர வேண்டியது இந்த ஒரு வரிதான். வருமானத்தில பங்கும் தாறன் எண்டன். ரெண்டு நீலக் கோடு விழுந்து ஏழு மாசம். பதில் இல்ல. போன கிழமை மட்டும் படக்காரன் பேஸ்புக்கில எங்கட தோணிப் படத்தைப் போட்டு “ஒரு காலத்தில நாங்க செய்த கேம்” எண்டு உருகி எழுதியிருக்கான். கீழ இசைக்காரன் இதயம் போட்டிருக்கான். இதயம் போட நேரமிருக்கு, எனக்கு “ஓம்” எண்டு ரெண்டு எழுத்து அடிக்க நேரமில்ல!

வாற பறுவம் வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள பதில் வராட்டி, அவன்ட படமெல்லாம் அவனுக்கே. தோணிக்குப் பதிலா ஒரு சதுரப் பெட்டியை விடுவன், மரத்துக்குப் பதிலா கோடு கீறுவன். மீனுக்கு நானே பாடுவன். கேக்கிறவன்ட காது போனா மெல்பேர்னுக்கும் கொழும்புக்கும் போன் போட்டு ஏசட்டும்.