பாலியஸ்டர் கொடியும் பாதி மாறிய விதியும்

ஆகஸ்ட் பிறந்தால் போதும், இங்கே இரண்டு கட்சி தயாராகிவிடும். வீட்டு மாடியில் கொடி கட்டாதவனுக்கு நாட்டுப்பற்றே கிடையாது என்று ஒரு கட்சி. பாலியஸ்டர் கொடி பிடிக்கிறவன் கதரைக் கொன்றவன் என்று இன்னொரு கட்சி. பத்துப் பின்னூட்டம் தாண்டுவதற்குள் இரண்டு பேருமே கொடி காத்த குமரனைத் துணைக்கு அழைத்துவிடுவார்கள். 1932 ஜனவரியில் திருப்பூரில் அவர் கையில் இருந்தது அசோகச் சக்கரம் இல்லாத, இராட்டை போட்ட கொடி என்பது அந்த வேகத்தில் யாருக்கும் நினைவு வராது.

இந்தச் சண்டையில் காணாமல் போவது கொடி என்கிற பொருள். அது என்ன துணி, என்ன அளவு, கிழிந்தால் எங்கே போகும் என்று கேட்க ஆளில்லை. ஆகவே கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

2002 ஜனவரி 26 முதல் நடப்பில் இருக்கும் இந்தியக் கொடி விதித்தொகுப்பின் 1.2ஆம் பத்தி, தேசியக் கொடியைக் கையால் நூற்று, கையால் நெய்த கம்பளி, பருத்தி அல்லது பட்டுக் கதரில் செய்ய வேண்டும் என்றது. 2021 டிசம்பர் 30 அன்று உள்துறை அமைச்சகம் ஓர் ஆணை போட்டு இயந்திரத்தில் செய்ததையும் பாலியஸ்டரையும் அந்தப் பத்தியில் சேர்த்தது. 2022 ஜூலையில் இன்னொரு திருத்தம் வந்தது. அதுவரை கூடியவரை சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை என்றிருந்ததை மாற்றி, வெளியிடத்திலும் வீடுகளிலும் இரவு பகலாகப் பறக்கலாம் என்றது. ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீடுதோறும் மூவர்ணம் இயக்கம் நடந்தது. 20 கோடி வீடுகள் இலக்கு. அஞ்சலகத்தில் 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது.

துணியை மாற்றியதே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பத்தியை மாற்றிவிட்டு, அந்தப் பத்தியை நம்பி எழுதப்பட்டிருந்த மற்றப் பத்திகளை அப்படியே போட்டுவிட்டார்களே, அதுதான் என் சண்டை.

முதலில் கதர்ப் பக்கம் நிற்கும் நண்பர்களுக்கு. 1947 ஜூலை 22 அன்று நேரு கொண்டுவந்து அரசியல் நிர்ணய சபை ஏற்ற தீர்மானத்தில் நிறம் உண்டு, சக்கரம் உண்டு, இரண்டுக்கு மூன்று என்ற விகிதம் உண்டு. துணியைப் பற்றி ஒரு வரி கிடையாது. 1947 ஆகஸ்ட் 15 விடியலில் சென்னைக் கோட்டையில் ஏற்றிய கொடி இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 12 அடிக்கு 8 அடி, பட்டு. கதர் என்ற கட்டாயம் கொடி விதிகளின் வழியாகவும் ஐஎஸ் 1 என்ற தர நிர்ணயத்தின் வழியாகவும் உறுதிப்பட்டது. 1951இல் வந்து, 1968இல் இன்றைய வடிவம் பெற்ற தரம் அது.

அந்தத் தரத்துக்குக் கொடி செய்வது எளிய காரியம் இல்லை. ஹுப்பள்ளி பெங்கேரியில் இருக்கும் கர்நாடகக் கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பில் வேலை ஆறு கட்டமாகப் போகும்: நூற்பு, நெசவு, வெளுத்துச் சாயம் ஏற்றுதல், சக்கரம் அச்சிடுதல், மூன்று பட்டைகளை இணைத்துத் தைத்தல், கடைசியாக இஸ்திரி போட்டுக் கயிறும் மரக்கட்டையும் கோத்தல். சக்கரம் இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும். 900க்கு 600 மில்லிமீட்டர் கொடியில் சக்கரத்தின் விட்டம் 185 மில்லிமீட்டர் என்பதுவரை ஐஎஸ் 1 சொல்கிறது. சாயம் கொஞ்சம் மாறினாலும் கழிவுதான்.

இப்போது கணக்குக்கு வருவோம். அஞ்சலகம் விற்ற கொடி 20க்கு 30 அங்குலம். ஒன்றுக்குச் சுமார் 0.39 சதுர மீட்டர் துணி. 20 கோடி கொடிக்கு ஏறத்தாழ 7.7 கோடி சதுர மீட்டர். ஒரு நெசவாளர் நாளுக்கு 8 சதுர மீட்டர் நெய்கிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போதும் 97 லட்சம் ஆள்நாள். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்றால் 32,000 பேர் ஓராண்டு முழுக்கத் தறியில் உட்கார வேண்டும். ஆணைக்கும் இயக்கத்துக்கும் நடுவே இருந்தது ஏழரை மாதம். அதற்குள் கதரால் முடியாது என்று அரசு சொன்னால் அது பொய்யில்லை.

ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் நெசவாளர்கள் மட்டும் 26.7 லட்சம் பேர். 32,000 என்பது அதில் நூற்றுக்கு ஒன்றேகால்கூட வராது. நிஜமான முட்டுக்கட்டை கைநூற்பில்தான் இருக்கிறது. கையால் நூற்ற நூல் அந்த அளவுக்குக் கிடைக்காது. அப்படியென்றால் கதருக்கும் பாலியஸ்டருக்கும் நடுவில் ஒரு வழி இருந்தது: ஆலை நூல், கைத்தறி நெசவு, பருத்தித் துணி. அதுவும் போதாவிட்டால் விசைத்தறிப் பருத்தி இருக்கவே இருக்கிறது. ஈரோட்டிலும் சேலத்திலும் கைத்தறியும் உண்டு, விசைத்தறியும் உண்டு. 75ஆவது ஆண்டு எப்போது வரும் என்பது 1947லேயே தெரிந்த தேதி. இரண்டு ஆண்டு முன்கூட்டி ஆர்டர் கொடுத்திருந்தால் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வேலை ஓடியிருக்கும். திருத்தத்தில் பருத்தி என்ற சொல் இருக்கிறது. பருத்திக்கு முன்னுரிமை என்ற சொல் இல்லை. அப்புறம் விலை குறைவாகச் சொன்னவருக்கு டெண்டர் போவதில் என்ன ஆச்சரியம்? பெங்கேரிக்காரர்கள் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது அதைக் கட்சிச் சண்டையாகத்தான் பார்த்தோம். கொள்முதல் விதியைப் பற்றிய கேள்வி அது.

இனி பாலியஸ்டர். தண்ணீர் பாட்டில் எதில் செய்கிறார்களோ அதே பெட் பிளாஸ்டிக்கை இழையாக இழுத்தால் பாலியஸ்டர். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்ததே, அந்தப் பட்டியலில் காது குடையும் குச்சி, பலூன் குச்சியோடு பிளாஸ்டிக் கொடியும் பெயர் சொல்லி இருந்தது. ஆறு வாரம் கழித்துக் கோடிக்கணக்கில் வீட்டுக்கு வந்தது அதே பிளாஸ்டிக்கின் துணி வடிவம். துணி என்பதால் தடைக்குள் வராது, சரி. மண்ணுக்குள் போனால் மக்குமா என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

அடுத்தது இன்னும் சங்கடம். கிழிந்த கொடியைத் தனிமையில், முழுவதுமாக, மரியாதைக்குக் குறைவு வராமல் அழிக்க வேண்டும், எரிப்பது உத்தமம் என்கிறது விதி. பருத்திக்கு எழுதிய வரி அது. பருத்தி தீப்பிடித்தால் நின்று எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் முதலில் சுருங்கும், பிறகு உருகிச் சொட்டும், கரும்புகை கிளப்பும், ஆறினால் கறுத்த கட்டியாகத் தரையில் ஒட்டிக்கொள்ளும். சொட்டு கையில் பட்டால் தோலோடு வரும். விதிப்படி மரியாதை செய்யப்போகிறவர் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் எரிக்கிறவராகிறார். இதற்கு இரண்டு வரி போதும்: பாலியஸ்டர் கொடியை எரிக்க வேண்டாம், அஞ்சலகத்தில் திருப்பிக் கொடுங்கள், மறுசுழற்சிக்கு அனுப்புவோம். விற்ற அஞ்சலகத்தையே திரும்ப வாங்கும் இடமாக விதியில் எழுதியிருக்கலாம்.

அளவு விஷயமும் இப்படித்தான். விதித்தொகுப்பு ஒன்பது அளவுகளைத் தருகிறது. பெரியது 6300க்கு 4200 மில்லிமீட்டர், சிறியது மேசைக் கொடியான 150க்கு 100. அஞ்சலகம் விற்ற 20க்கு 30 அங்குலம் என்பது 762க்கு 508 மில்லிமீட்டர். விகிதம் சரி, ஆனால் அந்த ஒன்பதில் அது எதுவும் இல்லை. அரசே விற்ற கொடி அரசின் பட்டியலில் இல்லை! குடிமுழுகிப் போகிற குற்றம் இல்லைதான். ஆனால் அளவு பட்டியலில் இல்லாதபோது சக்கரத்தின் விட்டத்துக்கும் எழுதி வைத்த எண் கிடையாது, அச்சுக்கூடம் வைத்ததே சட்டம். கேரளத்தின் இடுக்கியில் அளவும் வடிவும் தவறிய கொடிகளை 2022இல் திரும்பப் பெற வேண்டி வந்தது.

வாங்குகிறவர்கள் கடையிலேயே பார்க்க வேண்டியவை: நீளத்தை உயரத்தால் வகுத்தால் ஒன்றரை வர வேண்டும். மூன்று பட்டையும் ஒரே அகலமா என்று மடித்துப் பாருங்கள். சக்கரம் வெள்ளைப் பட்டையின் மேல், கீழ் ஓரங்களைத் தொடாமல், கொஞ்சமே இடம் விட்டு நிற்க வேண்டும். 20க்கு 30 அங்குலக் கொடியில் ஐஎஸ் 1 விகிதப்படி அதன் விட்டம் சுமார் பதினைந்தரை சென்டிமீட்டர். ஆரங்களை எண்ணுங்கள், 24. பின்பக்கம் திருப்புங்கள், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தது மறுபக்கம் வெளிறித் தெரியும். ஓரம் மடித்துத் தைத்திருக்கிறதா அல்லது சூட்டில் வெட்டி விட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். கம்பத்துக்கு எதிர்ப்பக்க ஓரம்தான் காற்றில் அடிபட்டு முதலில் நூல் பிரியும்.

இரவு பகலாகப் பறக்கலாம் என்ற திருத்தத்தின் விளைவு ஆகஸ்ட் 20க்கு மேல் தெரியும். கழற்றி வைக்கும் வேலை இல்லை என்றானதும் கழற்றுவதே நின்றுவிட்டது. வெயில், மழை, காக்கை எச்சம், பிரிந்த ஓரம். கிழிந்த, அலங்கோலமான கொடியைப் பறக்கவிடக் கூடாது என்ற விதி அப்படியேதான் இருக்கிறது. அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒன்று: பால்கனியிலிருந்து கம்பு சாய்ந்து வெளியே நீட்டினால் காவி கம்பின் வெளிநுனிப் பக்கம் இருக்க வேண்டும். சுவரில் செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவரின் இடது கைப்பக்கம் காவி.

பெரிய கொடி மோகத்தைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 2014இல் டெல்லி கன்னாட் பிளேஸில் 207 அடிக் கம்பம், 2016இல் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் அதே 207 அடி, 2017இல் அட்டாரி எல்லையில் 360 அடி. அட்டாரிக் கொடி காற்றுக்குத் திரும்பத் திரும்பக் கிழிந்தது. உயரம் போகப்போகக் காற்றின் வேகம் கூடும். வேகம் இரட்டித்தால் துணியின் மேல் விழும் விசை நான்கு மடங்கு. வாங்கும் செலவு ஒரு தடவை, மாற்றும் செலவு காலத்துக்கும்.

சரி, எது குற்றம், எது வெறும் அறிவுரை? இதைப் பிரித்துப் பார்க்காமல்தான் பாதிப் பேர் அடுத்தவரை உள்ளே தள்ளப் பார்க்கிறார்கள். 2004 ஜனவரியில் தொழிலதிபர் நவீன் ஜிண்டால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டைச் சொன்னது. மரியாதையோடு கொடி ஏற்றுவது அரசியல் சட்டம் 19(1)(அ) தரும் கருத்துரிமையின் பகுதி. கொடி விதித்தொகுப்பு என்பது நிர்வாக அறிவுறுத்தல், சட்டம் ஆகாது. தண்டனை தருவது 1971ஆம் ஆண்டு தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம். மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சட்டம் எந்தப் பொருளில் செய்த கொடியையும் கொடியாகவே பார்க்கிறது. பாலியஸ்டர் கொடிக்கு 2021க்கு முன்பும் அதே பாதுகாப்புதான். கொடியின் மேல் எழுதுவதை அதே சட்டம் அவமதிப்பு என்கிறது. கிரிக்கெட் மைதானத்தில் வெள்ளைப் பட்டையில் ஊர்ப் பெயர் எழுதிக் கேமராவுக்குக் காட்டுகிறார்களே, அது இதில்தான் வரும். வீட்டில் கொடி கட்டாமல் இருப்பது எந்தச் சட்டத்திலும் வராது. உரிமை என்றால் வேண்டாம் என்பதற்கும் இடம் உண்டு. ஹரியானாவின் கர்னாலில் 20 ரூபாய்க்குக் கொடி வாங்கினால்தான் ரேஷன் என்று நெருக்கியது வெளியே வந்தபோது, நாட்டுப்பற்றுக்காரர்கள்தான் முதலில் கோபப்பட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. சுதந்திர நாளில் கோட்டையில் முதலமைச்சர் கொடி ஏற்றும் உரிமை 1974இல் கருணாநிதி கேட்டு வாங்கியது, அதுவரை ஆளுநர்தான். மாநில உரிமை என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லலாம். அதே மாநிலத்தில் 2020இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரைக் கொடி ஏற்ற விடவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். 2022 ஆகஸ்டில், அந்த 20 கோடி வீட்டு இயக்கம் நடந்த அதே மாதத்தில், பட்டியல் சாதித் தலைவர்கள் தங்கள் ஊராட்சியில் கொடி ஏற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று தலைமைச் செயலர் இறையன்பு ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கதரா பாலியஸ்டரா என்று நாம் அடித்துக்கொண்ட நேரத்தில், கயிறு யார் கையில் என்பதே சில ஊர்களில் தீராமல் கிடந்தது. டெல்லியைத் திட்டுகிற நம் பக்கத்து ஆட்களும் இதைப் பேசுவதில்லை, திராவிடத்தைத் திட்டுகிறவர்களும் பேசுவதில்லை.

உங்கள் ஊராட்சியோ நகராட்சியோ கொடி வாங்கியிருந்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு தாள், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. கருத்து கேட்டால் பதில் வராது, ஆவணம் கேளுங்கள். எத்தனை கொடி, என்ன துணி, ஒன்று என்ன விலை, யாரிடம், விலைப்புள்ளிகளின் நகல், அளவும் சக்கரமும் சரிபார்த்ததற்கான பதிவு, கழித்துத் திருப்பியனுப்பிய எண்ணிக்கை, ஆகஸ்ட் 15க்குப் பிறகு திரும்ப வந்த கொடிகளை எந்தத் தேதியில் எப்படி அழித்தார்கள் என்ற குறிப்பு. கூடவே, அந்த ஆண்டு ஊராட்சி அலுவலகத்தில் கொடி ஏற்றியவர் பெயரும் பதவியும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. கிடைத்த பதிலைப் பின்னூட்டத்தில் போடுங்கள். தனிநபர் பெயர், முகவரி, கைபேசி எண் இருந்தால் மறைத்துவிட்டுப் போடுங்கள்.